சின்னத் தொட்டிக்கு எந்த மீன்?

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் குழந்தைகளின் ராஜ்ஜியம்தான். குழந்தை எதைச் சுட்டிக்காட்டுகிறதோ அது பாலிதீன் பையில் ஏறி வீட்டுக்குப் போய்விடும். மீன் விற்றுப் பிழைக்கிறவன் நான். இதைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன். கடைத் தொட்டியில் நீங்கள் பார்க்கிற மீன்களில் பல, குஞ்சுகள்.

இரண்டு அங்குலத்தில் துறுதுறுவென்று திரிகிற ஆஸ்கர், வளர்ந்தால் ஓரடி வரும். 'ஷார்க்' என்று சொல்லி விற்கிற வெள்ளி நிறக் குட்டி சுறாவே அல்ல. தென்கிழக்கு ஆசியாவின் மேகாங் ஆற்றுக் கெளுத்தி. ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ஓட்டலில் 'பாசா' என்று தட்டில் வருவதும் பெரும்பாலும் அதே மீன்தான்! அடுத்தது சக்கர், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருக்கும் மீன். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்குகிறீர்கள். பாசியைக் கொஞ்சம் தின்னும், உண்மை. ஆனால் அது கழிக்கிற கழிவும் அதிகம். ஓரடியைத் தாண்டியதும் யாரோ அதை ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் மீனவர் வலையைக் கிழிக்கிற முள்துடுப்பு மீன் இந்தச் சக்கர்தான், இப்படி வீட்டுத் தொட்டிகளிலிருந்து போனதுதான். தயவுசெய்து எந்தத் தொட்டி மீனையும் நீர்நிலையில் விடாதீர்கள்.

சரி, எதை வாங்குவது? இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி சுமார் 57 லிட்டர். மணல், கல், மேலே விடுகிற இடைவெளி போக 45 லிட்டர் நிற்கும். மீனைப் பார்ப்பதற்கு முன்னால், வீட்டுக் குளியலறைக் குழாயைப் பாருங்கள். முனையில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா? பக்கெட்டின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கிறதா? அப்படியானால் உங்களுடையது கடினநீர். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் இப்படித்தான். அந்தத் தண்ணீருக்கென்றே பிறந்தவை போல கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் இருக்கின்றன. மோலி உப்புக் கலந்த கழிமுகத்து நீரைக்கூடத் தாங்கும். நியான் டெட்ரா அப்படியல்ல. அமேசான் பக்கத்து மென்மையான, இலைச் சாறு இறங்கிய தண்ணீரில் தோன்றிய மீன் அது. அதில் ஒரு டஜனைக் கடினநீரில் விட்டுவிட்டு, செத்ததும் கடைக்காரரோடு சண்டைக்கு வருகிறார்கள்.

கப்பியில் ஆணை மட்டும் வாங்குங்கள். வண்ண வாலெல்லாம் ஆணுக்குத்தான். ஒரே ஒரு பெண் மீன் வந்தாலும், ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் குட்டி போடும்; விந்தணுவை உள்ளே சேமித்து வைத்திருக்கும். நான்கு வாரத்துக்கு ஒரு ஈடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் எத்தனை குட்டிகளைத்தான் வாங்கிக்கொள்வார்கள்?

நீந்துகிற வேகத்தை ரசிப்பவர்களுக்கு ஜீப்ரா டேனியோ. கங்கைச் சமவெளி ஓடைகளைச் சேர்ந்த நம் நாட்டு மீன். உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்க்கிறார்கள் என்றால் அதன் தாங்குதிறனைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஆறு மீன்கள் சேர்ந்திருக்க வேண்டும். மூடியும் அவசியம், எகிறிக் குதித்துவிடும்.

ஃபைட்டர் ஆண் தனிக்காட்டு ராஜா. கடையில் சிறு குப்பியில் வைத்திருப்பது விற்பனை வசதிக்காக. அதுவே அதன் வீடு என்று நினைத்துவிடாதீர்கள். இருபது லிட்டராவது கொடுங்கள். மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன் என்பதால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இடம் விடுங்கள். கப்பியோடு சேர்க்காதீர்கள், அந்த நீண்ட வாலைப் பார்த்தால் போட்டிக்கு வந்த எதிரி என்று பாய்ந்துவிடும்.

கோல்டுஃபிஷ் பற்றிக் கேட்காமல் யாரும் போவதில்லை. கெண்டைக் குடும்பம், நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும், குளிர்ந்த நீரை விரும்பும். சென்னைச் சித்திரையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுகிறது. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குறையும். கண்ணாடிக் கிண்ணத்தில் அது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது, உங்களோடு பேச அல்ல. உதகையில் இருப்பவர்கள் பெரிய தொட்டி வைத்து வளர்க்கட்டும்.

புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை மாற்றித் தருகிற நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதலில் இரண்டு மூன்று பிளாட்டி போதும். மீதியை அப்புறம் சேர்க்கலாம்.

கடைக்குப் போனதும் உணவு போடச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஓடி வராத மீன், துடுப்பை உடம்போடு ஒடுக்கிக்கொண்ட மீன், மேனியில் ரவை தூவியது போல் வெள்ளைப் புள்ளி உள்ள மீன், எதுவும் வேண்டாம். அப்படி ஒன்றைக் கண்டால் அதே தொட்டியில் இருக்கிற நல்ல மீனையும் அன்றைக்கு வாங்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.