20 நிமிடத்தில் மூழ்கிய கப்பல், 20 நிமிடம்கூட வராத காற்று: மட்டக்களப்புக் கடலடியில் ஹெர்மிஸ்

(திரை கறுப்பு. மூச்சுக் குமிழிகளின் சத்தம் மட்டும்.)

இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள். ஒரு சுழியோடி மூச்சு விடுகிறார். அவர் இருப்பது 53 மீட்டர் ஆழத்தில். பதினேழு மாடிக் கட்டடம் ஒன்றைக் கடலில் நிறுத்தினால் அதன் மொட்டைமாடி மூழ்கிவிடும், அவ்வளவு ஆழம். அவருக்குப் பக்கத்தில் 183 மீட்டர் நீளமான ஒரு போர்க்கப்பல் சரிந்து கிடக்கிறது.

விமானங்களைச் சுமப்பதற்கென்றே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. அதை மூழ்கடித்தவை விமானங்கள். மூழ்கிய அன்று அதன் தளத்தில் சொந்த விமானம் ஒன்றுகூட இல்லை.

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நாம் போகப்போவது மட்டக்களப்புக் கடலுக்கு. மீன்பாடும் தேன்நாடு என்று சொல்லுவோமே, அந்த ஊர்க் கரையிலிருந்து படகில் போகிற தூரத்தில்தான் ஹெர்மிஸ் என்ற அந்தப் பிரித்தானியக் கப்பல் கிடக்கிறது. வீடியோவின் நடுவில் ஒரு கணக்குப் போடப்போகிறேன். அதற்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன். அதுவரைக்கும் இருங்கள்.

(பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்.)

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1918இல் இங்கிலாந்தில் கட்டத் தொடங்கினார்கள், 1919இல் தண்ணீரில் இறக்கினார்கள். வேலை இழுத்துக்கொண்டே போய் 1924இல்தான் கடற்படையில் சேர்ந்தது. அதற்குள் ஜப்பான் பின்னால் தொடங்கிய ஹோஷோ என்ற விமானந்தாங்கியை 1922இலேயே முடித்துவிட்டது. அதனால் 'முதலில் தொடங்கியது' என்ற பெயர் ஹெர்மிஸுக்கு, 'முதலில் முடிந்தது' என்ற பெயர் ஹோஷோவுக்கு.

அப்புறம் 1942 ஏப்ரல், இரண்டாம் உலகப் போர்க் காலம். ஐந்து விமானந்தாங்கிகளோடு ஜப்பானியப் படை இந்து சமுத்திரத்துக்குள் வந்தது. 5ஆம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலைக்குத் தாக்குதல் வரும் என்று தெரிந்ததும், துறைமுகத்தில் நின்ற கப்பல்களை முதல் நாள் இரவே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஹெர்மிஸும், கூடவே ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் கரையோரமாகத் தெற்கே இறங்கின. ஹெர்மிஸின் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்தில் தரையில் நின்றன. காலையில் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கப்பலைக் கண்டுவிட்டது.

இங்கே கொஞ்சம் நிற்போம்.

சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னும் சில நாள்தான். வாடைக்காற்றுக் காலம் முடிந்து கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கிற மாதம். காலை சுமார் 10:35க்கு முதல் விமானம் தலைகீழாகப் பாய்கிறது. சுமார் 40 குண்டுகள் பட்டதாகச் சொல்கிறார்கள். 10:55 அளவில் கப்பல் தண்ணீருக்குக் கீழே போய்விட்டது. 20 நிமிடம், அவ்வளவுதான். உதவிக்குப் புறப்பட்ட விமானங்கள் வந்து பார்த்தபோது அங்கே ஹெர்மிஸ் இல்லை. கப்பல் தலைவர் ரிச்சர்ட் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். வாம்பயரும் அன்றே மூழ்கியது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் வந்து, தண்ணீரில் தத்தளித்த சுமார் 590 பேரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனது.

20 நிமிடம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: அழுத்தமானி. முள் 200இல் நிற்கிறது.)

சரி, கணக்குக்கு வருவோம். சாதாரணமாக ஒரு சுழியோடி முதுகில் மாட்டுகிற சிலிண்டர் 12 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்திருப்பார்கள். ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். 12ஐ 200ஆல் பெருக்கினால் 2,400 லிட்டர் காற்று. கரையில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று மூச்சு விட்டால் இரண்டு மணி நேரம் வரும்.

ஆனால் தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் மேலே இருக்கிற தண்ணீர் இன்னொரு வளிமண்டல அளவுக்கு உங்களை அழுத்தும். 53 மீட்டரில் மொத்தம் 6.3 மடங்கு. உங்கள் நெஞ்சுக்கூடு நசுங்காமல் இருக்க வேண்டுமென்றால், உள்ளே போகிற காற்றும் அதே அழுத்தத்தில் போக வேண்டும். வாயில் கடித்திருக்கிற ரெகுலேட்டர் அந்த வேலையைத்தான் செய்கிறது. அதனால் மேலே 20 லிட்டர் எடுக்கிற அதே மூச்சு கீழே 126 லிட்டரை எடுத்துவிடும்.

2,400ஐ 126ஆல் வகுத்துப் பாருங்கள்.

19 நிமிடம்.

அந்தக் கப்பல் முதல் குண்டு வாங்கியதிலிருந்து கடலுக்குள் மறைந்தது வரைக்கும் போன நேரம் 20 நிமிடம். அதன் பக்கத்தில் நின்று ஒரு முழுச் சிலிண்டரை உறிஞ்சி முடிக்க ஆகும் நேரம் 19 நிமிடம். இதை முதல்முறை தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. 20 நிமிடம் என்றால் எவ்வளவு என்று நமக்குத் தெரியும், சோறு வடித்து இறக்குகிற நேரம். ஆனால் அழுத்தமானியின் முள் 200இலிருந்து 150க்கு, 150இலிருந்து 100க்கு இறங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கும்போது வருகிற 20 நிமிடம் வேறு. அந்த முள்ளைப் பார்த்தபடிதான் என்னால் அந்தக் காலையைக் கொஞ்சமாவது நினைத்துப் பார்க்க முடிகிறது. நீங்களும் இப்போதே ஒரு கடிகாரத்தை எடுத்து 10:35 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீடியோ முடிந்து, அடுத்த வீடியோவும் முடிகிற நேரத்தில் ஒரு கப்பல் இல்லாமல் போயிருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த 19 நிமிடத்தில் மேலே திரும்பி வருவதற்கான காற்று சேரவில்லை. அதனால் ஒற்றைச் சிலிண்டரோடு ஹெர்மிஸுக்கு யாரும் போகக்கூடாது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீட்டர். ஓபன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் மட்டும் இருந்தால் 18 மீட்டர்தான். 53 மீட்டருக்குத் தொழில்நுட்பச் சுழியோடல் என்ற தனிப் பயிற்சி வேண்டும். இரட்டைச் சிலிண்டர், பக்கவாட்டில் தொங்கும் கூடுதல் சிலிண்டர்கள் எல்லாம் வேண்டும்.

காற்றின் கலவையும் மாறும். சாதாரணக் காற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நைட்ரஜன். அந்த அழுத்தத்தில் அது ஆளை மயக்கும், வெறும் வயிற்றில் கள் குடித்த மாதிரி. முள்ளைப் பார்ப்பீர்கள், எண்ணும் தெரியும், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று மண்டையில் ஏறாது. எனக்கு இதுதான் மிகப் பெரிய பயம். அதனால் நைட்ரஜனைக் குறைத்து ஹீலியம் சேர்த்த டிரைமிக்ஸ் என்ற கலவையைச் சுவாசிக்கிறார்கள். பலூனில் அடைக்கிற அதே ஹீலியம்தான்.

(திரையில்: நீலம். மெல்ல ஒரு நிழல் உருவம் தெரிகிறது.)

கீழே என்ன இருக்கிறது?

முதலில் ஒரு பெரிய இருட்டு, பிறகு ஒரு சுவர். கப்பல் இடப்பக்கம் சரிந்து, ஏறக்குறைய கவிழ்ந்த மாதிரிக் கிடக்கிறது. அதனால் முதலில் கண்ணில் படுவது கப்பலின் வயிறுதான். பீரங்கிகள் இன்னும் இருக்கின்றன. பாரை மீன்கள் கூட்டமாகச் சுற்றும், உள்ளே களவா ஒளிந்திருக்கும். கடலடியில் மணல்வெளி நடுவே இப்படி ஒரு இரும்பு மேடு இருந்தால் அது மீன்களுக்குப் பவளப்பார் மாதிரித்தான். மீனவர்களுக்கும் அப்படித்தான், ஆனால் வலை சிக்கும். அறுந்த வலை சுழியோடிக்குப் பெரிய ஆபத்து, அதனால் வெட்டுகத்தி இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் நிறம். தண்ணீர் முதலில் தின்பது சிவப்பை. சில மீட்டர் இறங்கினாலே சிவப்பு மங்கத் தொடங்கும். ஒருமுறை 25 மீட்டரில் சிப்பி கிழித்து என் விரலில் ஒரு கீறல். அதிலிருந்து வந்த ரத்தம் பச்சை. பயந்தே போனேன். கூட வந்தவர் டார்ச்சைத் திருப்பி விரலில் அடித்தார். அந்த ஒளி வட்டத்துக்குள் மட்டும் ரத்தம் சிவப்பாக மாறியது. டார்ச்சை எடுத்ததும் மறுபடி பச்சை.

ஹெர்மிஸின் சுவரும் இப்படித்தான். டார்ச் இல்லாமல் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நீலம். ஒளி பட்ட இடத்தில் ஆரஞ்சும் சிவப்புமாகக் கடற்பஞ்சும் பவளமும் எழும்பி வரும். 80 ஆண்டுக்கு மேலாக இருட்டில் கிடந்த இரும்பின் மேல் இவ்வளவு நிறம் இருக்கிறது, ஆனால் யாராவது விளக்கு கொண்டு போனால்தான் அது தெரியும்.

பார்க்கலாம், தொடக்கூடாது, எடுக்கக்கூடாது. ஒரு குண்டு உறையைக்கூட. அங்கே இறந்தவர்களில் பலருக்கு அந்தக் கப்பல்தான் கல்லறை. மயானத்தில் செங்கல் எடுக்க மாட்டோம் அல்லவா? உள்ளே நுழைவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். துடுப்பு ஒருமுறை பட்டால் வண்டல் கிளம்பி வழி மறைந்துவிடும்.

பெயரைப் பற்றி ஒன்று. பிரித்தானியர் பின்னர் ஹெர்மிஸ் என்ற பெயரை இன்னொரு விமானந்தாங்கிக்கு வைத்தார்கள். அதை இந்தியா வாங்கி 1987இல் விராட் என்று பெயர் மாற்றியது. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். 2017இல் ஓய்வு கொடுத்து, அப்புறம் குஜராத்தின் அலாங்கில் உடைத்துவிட்டார்கள். இரண்டில் இன்றும் உருவத்தோடு இருப்பது மூழ்கிய ஹெர்மிஸ்தான்.

ஹெர்மிஸை அழித்த படையில் இருந்த அகாகி, ஹிர்யூ, சோர்யூ என்ற மூன்று விமானந்தாங்கிகளும் இரண்டே மாதத்தில், 1942 ஜூனில், பசிபிக் கடலில் நடந்த மிட்வே சண்டையில் மூழ்கின. அகாகியை 2019இல் கண்டுபிடித்தார்கள், 5,000 மீட்டருக்கும் கீழே. அங்கே சுழியோடி எவரும் போக முடியாது. போரில் மூழ்கிய விமானந்தாங்கி ஒன்று மனிதர் நீந்திப் போகிற ஆழத்தில் கிடப்பது மிக அபூர்வம். அது நம் கிழக்குக் கரையில் இருக்கிறது.

இவ்வளவு பயிற்சி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். அதே நாள் அதே கடலில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் ஏறக்குறைய 24 மீட்டரில் இருக்கிறது. அடுத்த கட்டச் சான்றிதழ் வாங்கியவர்கள் நல்ல வழிகாட்டியோடு போகலாம். சித்திரையிலிருந்து புரட்டாசி வரைதான் காலம்.

(திரையில்: செங்குத்தான கயிறு. அதைப் பிடித்தபடி தொங்கும் ஒரு கை.)

மேலே வருவதோடு முடிப்போம். அழுத்தத்தில் உடம்பில் கரைந்த வாயு, வேகமாக மேலே வந்தால் கோலி சோடாவை உடைத்த மாதிரிக் குமிழ்விடும். ரத்தத்துக்குள், மூட்டுக்குள். அதனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு 6 மீட்டரிலும் 3 மீட்டரிலும் சும்மா தொங்க வேண்டும். கப்பலைப் பார்த்த நேரத்தைவிட இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் நீளம். மேலே சூரியன் தெரியும், படகின் அடிப்பக்கம் தெரியும், போக முடியாது. 1942இல் அந்த 590 பேரும் இதே தண்ணீரின் மேற்பரப்பில், கருகிய எண்ணெய்க்கு நடுவே, வீட்டா வருமா என்று தெரியாமல் காத்திருந்தார்கள்.

மட்டக்களப்பு, வாழைச்சேனை, திருகோணமலைப் பக்கம் இருந்து பார்க்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மம்மா, அப்பப்பா யாராவது அந்த ஏப்ரல் 9 காலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்களா? குண்டுச் சத்தம் கரைக்குக் கேட்டதா, புகை தெரிந்ததா, கரைக்கு நீந்தி வந்தவர் யாருக்காவது உங்கள் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்களா? ஒரு வரி என்றாலும் கமெண்டில் எழுதுங்கள். குரலாகப் பதிந்து அனுப்பினால் இன்னும் நல்லது, அடுத்த வீடியோவை அதை வைத்தே செய்கிறேன்.