டெர்வென்ட் கரை நூற்பாலைகளின் பெருமை: ஆற்று நீரா, கட்டடக் கலையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இங்கிலாந்தின் டெர்வென்ட் பள்ளத்தாக்கு நூற்பாலைகளுக்குப் பெருமை சேர்த்தது கட்டடக் கலையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், 1771-ல் பருத்தி நூற்பு முன்னோடி ரிச்சர்ட் ஆர்க்ரைட், இந்தப் பள்ளத்தாக்கின் க்ரோம்ஃபோர்டில் தொடங்கிய ஆலையைக் காட்டி, "ஆறு இல்லாமல் ஆலை ஏது?" என்று கேட்டார். ஐயா, அந்த முதல் ஆலையின் சக்கரத்தைச் சுற்றியது டெர்வென்ட் ஆறே அல்ல! பான்சால் ஓடையும், ஈயச் சுரங்கத்திலிருந்து வடிந்த நீரும்தான். சுரங்க நீர் வெதுவெதுப்பானது, குளிர்காலத்திலும் உறையாது.

சரி, அதே பள்ளத்தாக்கில் ஆற்றையே நம்பிய பெல்பர் ஊருக்கு வருவோம். அங்கே ஸ்ட்ரட் குடும்பத்தின் வடக்கு ஆலை 1803-ல் எரிந்தது. பக்கத்திலேயே ஆறு ஓடியும் எரிந்தது! அந்தக் காலத்து ஆலைகளில் மர உத்தரம், எண்ணெய் ஊறிய மரத்தளம், காற்றெல்லாம் பஞ்சுத் தூசு, வெளிச்சத்துக்குத் திறந்த சுடர். ஒரு பொறி போதாதா?

வில்லியம் ஸ்ட்ரட் 1804-ல் அதைத் திரும்பக் கட்டியபோது தளங்களைத் தாங்க மரத்தை நம்பவில்லை. வார்ப்பிரும்புத் தூண், அதன்மேல் வார்ப்பிரும்பு உத்தரம், உத்தரங்களுக்கு இடையே செங்கல் வளைவு. வளைவு சும்மா இருக்காது, பக்கவாட்டில் தள்ளும். நடு வளைவுகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்கும். கடைசி வளைவு சுவரையே தள்ளும். அதனால் தேனிரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டினார்கள். கம்பி தளர்ந்தால் வளைவின் உச்சியில் விரிசல் விழும்.

வார்ப்பிரும்புக்கும் ஒரு குணம் உண்டு. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் முறியும். பாரம் ஏறும்போது இழுபடுவது உத்தரத்தின் அடிப்பக்கம். வார்க்கும்போது அங்கே ஒரு காற்றுக்குமிழி தங்கியிருந்தால், வளையாமல் பட்டென்று ஒடியும். பாரத்தைக் குறைக்கத்தான் சில வளைவுகளில் செங்கல்லுக்குப் பதிலாக உள்ளே வெற்றிடம் கொண்ட சுடுமண் பானைகளை அடுக்கினார்கள். என்ன நுட்பமான யோசனை!

"இரும்புத் தூணும் இரும்பு உத்தரமும் கொண்ட ஆலையை 1797-லேயே ஷ்ரூஸ்பரி நகரில் வடிவமைப்பாளர் சார்லஸ் பேஜ் கட்டிவிட்டாரே" என்பீர்கள். உண்மை. ஆனால் அவருக்கும் முன்பே, 1793-ல், டார்பி நகர ஆலையில் இரும்புத் தூணும் செங்கல் வளைவும் வைத்து, மர உத்தரத்துக்குச் சாந்து பூசித் தீயைத் தடுக்கப் பார்த்தவர் இதே ஸ்ட்ரட். அவர் விட்ட இடத்தில் பேஜ் தொடர்ந்தார். பேஜ் காட்டிய இரும்பு உத்தரத்தை ஸ்ட்ரட் பெல்பருக்குக் கொண்டுவந்தார்.

பெல்பரில் அன்றைய தண்ணீர்ச் சக்கரம் இப்போது இல்லை. 1804-ன் கட்டடம் நிற்கிறது. எதிரணி இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தீர்ப்பைக் கேட்கட்டும், நடுவர் அவர்களே.