நோக்கம் எழுதும் மேசையில் ஒரு நாற்காலி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேறொரு கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு நமக்காக வந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய முதல்வர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர்களே, முன்னாள் மாணவர் சங்கப் பொறுப்பாளர்களே, உட்கார இடமிருந்தும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் ஆய்வக உதவியாளர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். துணைவேந்தர் அவர்கள் இந்தப் பொருளில் என்னைவிட அதிகம் அறிந்தவர்கள். அவர்கள் முன்னிலையில் பேச அழைத்ததற்கு விழாக் குழுவினருக்குத் தனியே நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். பொறியியல் படிப்புக்குத் தர அங்கீகாரம் என்றால் என்ன, அந்தப் படிப்பின் கல்வி நோக்கத்தை யார் எழுத வேண்டும், எழுதியது நிறைவேறியதா என்று எப்படி அளப்பது.

அமெரிக்காவில் 1932இல் ஏழு பொறியியல் அமைப்புகள் சேர்ந்து ஒரு மன்றத்தைத் தொடங்கின. பொறியியல் படிப்புகளின் தரத்தைச் சோதித்து அங்கீகாரம் தரும் அமைப்பாக இன்று ஏபெட் என்று நாம் சொல்வது அதன் வழிவந்ததுதான். அங்கீகாரம் கல்லூரிக்கு இல்லை, படிப்புக்கு. மெக்கானிக்கலுக்குக் கிடைத்தது சிவிலுக்குச் சேராது. வெகுகாலம் வரை எத்தனை பாடவேளை, எத்தனை பேராசிரியர், எந்தெந்தப் பாடம் என்று எண்ணித்தான் தரம் பார்த்தார்கள். 1990களின் பிற்பகுதியில் கேள்வியே மாறியது: நீங்கள் என்ன நடத்தினீர்கள் என்பதை விடுங்கள், மாணவருக்கு என்ன செய்ய வருகிறது? ஒருவர் அங்கீகரித்த பொறியியல் படிப்பை மற்றவரும் ஏற்பதற்காக 1989இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் கையெழுத்திட்ட வாஷிங்டன் உடன்படிக்கையில் இன்று இருபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பட்டதாரிக்கு என்னென்ன வர வேண்டும் என்று அவர்கள் வகுத்திருக்கும் பட்டதாரிப் பண்புகளும் இதையேதான் கேட்கின்றன.

பட்டம் வாங்கும் நாளில் மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டுமோ அது கற்றல் விளைவு. பட்டம் வாங்கிச் சில ஆண்டுகள் கழித்து அவர் தொழிலில் எப்படி நிற்க வேண்டுமோ அது கல்வி நோக்கம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, பக்கத்துத் துறையின் வாசகத்தில் பெயரை மட்டும் மாற்றி எழுதிவிடுகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எத்தனை மேடையில் சொன்னாலும் எனக்கு அலுக்காத பழமொழி இது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒரு கல்லூரிக்கு அங்கீகாரத்துக்காகப் பார்வையிடும் நிபுணர் குழுவில் ஒருவனாகப் போயிருந்தேன். மேசை நிறையக் கோப்புகள். ஒவ்வொரு பாடத்துக்கும் எந்த விளைவோடு எவ்வளவு தொடர்பு என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்ட கட்டங்கள். ஆய்வகத்தில் இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம், "உங்கள் துறையின் கல்வி நோக்கம் என்ன தம்பி?" என்றேன். மூச்சு விடாமல் நான்கு வாசகங்களையும் ஒப்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை. மேசையில் லேத்தில் கடைந்த தண்டு ஒன்று கிடந்தது. "இதன் விட்டத்தை அளந்து சொல்லுங்கள்" என்றேன். மைக்ரோமீட்டரை எடுத்தார். பிடிக்கத் தெரியவில்லை. உருளையைப் பிடித்து, போத்தல் மூடியைத் திருகுவதுபோல் இறுக்கினார். கை நடுங்கியது. துறைத் தலைவர் முகம் வெளுத்துவிட்டது.

அப்போது சுவரோரம் நின்ற ஆய்வக உதவியாளர் ஒருவர், தலை நரைத்தவர், பொறுக்க மாட்டாமல் முன்னே வந்தார். "தம்பி, கடைசியில இருக்குற ராட்செட்ட மட்டும் திருப்பு. மூணு தரம் கிளிக்குனு கேட்டா நிறுத்திரு." பையன் திருப்பினார். அந்த அறையில் அத்தனை பேரும் அந்த மூன்று கிளிக்குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். 24.98 மில்லிமீட்டர். "அந்தக் கோடியில பாரு" என்றார் பெரியவர். 24.93. "ஏன்ணே குறையுது?" என்று பையன் கேட்டார். எங்களை மறந்தே போனார்! "லேத்துல பின்தலை மையம் விலகியிருக்கு. அதான் ஒரு பக்கம் சரிஞ்சு கடைஞ்சிருக்கு" என்று சொல்லி, அவரை எந்திரத்துக்கே கூட்டிப் போய்க் காட்டினார். நாங்கள் அங்கிருந்த நாட்களில் கண்ணெதிரே நடந்த கல்வி அந்தப் பத்து நிமிடம்தான்.

மாலையில் கேட்டேன், கல்வி நோக்கம் எழுதிய குழுவில் அந்தப் பெரியவர் இருந்தாரா? பேராசிரியர்கள் இருந்தார்கள், தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வந்தார், முன்னாள் மாணவர் இருவர் வந்தார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை. நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருவது இந்த ஒன்றைத்தான். நோக்கம் எழுதும் மேசையில் ஆய்வக, பணிமனை உதவியாளருக்கு ஒரு நாற்காலி கொடுங்கள். அங்கீகார விதிகளே படிப்போடு தொடர்புடையோரின் தேவையைக் கேட்டு நோக்கத்தை வகுக்கச் சொல்கின்றன, அவ்வப்போது திருத்தவும் சொல்கின்றன. மாணவரின் கை எங்கே தடுமாறுகிறது என்று தினமும் பார்ப்பவரைக் கேட்காமல் எழுதினால், மறுபடியும் சொல்கிறேன், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. அளக்கும் முறைகளைத் தலைவர் அவர்கள் தம் உரையில் விளக்குவார்கள். துணைவேந்தர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தில் வைக்கத் தீர்மான வரைவு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரே வாக்கியம்தான்: "ஒவ்வொரு பொறியியல் துறையின் கல்வி நோக்கக் குழுவிலும் அத்துறையின் ஆய்வக உதவியாளர் ஒருவர் வாக்குரிமையுள்ள உறுப்பினராக இருப்பார்." கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பின்னால் நிற்கும் நண்பர்கள் முதலில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.