அந்தச் சிரிப்பு யாருக்கு?

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பரவாயில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா மருத்துவமனையில் இருந்தார். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த ஒருவர், மடிப்புக் கலையாத சட்டை, நாற்பது வயதிருக்கும், சற்றே நின்று, "சிரிச்சா இன்னும் அழகா இருப்பீங்களே" என்றார். நான் சிரித்தேன்.

அவர் சொன்னதை எப்போதோ மன்னித்துவிட்டேன். நான் சிரித்ததுதான் இன்னும் உறுத்துகிறது. சந்தோஷத்தில் வந்த சிரிப்பா அது? சிரிக்காமல் போனால் அடுத்து என்ன சொல்வாரோ, பின்னாலேயே வருவாரோ என்ற பயத்தில் வந்தது. வீட்டில் சொன்னேன். "நல்லதாத்தானே சொல்லியிருக்கார்" என்றார்கள். கையோடு, "நாளையிலிருந்து அந்த வழியா வராதே" என்றும் சொன்னார்கள். நல்லதைச் சொன்ன ஆள் என்றால் வழியை ஏன் மாற்ற வேண்டும்? அன்று கேட்கத் தோன்றவில்லை.

இந்தச் சிரிப்புக்குப் பழைய வரலாறு உண்டு. 1923-இல் வாஷிங்டன் நகரத்தில் சில இளம்பெண்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். காரில் வந்து வழிமறித்து, "ஏறிக்கோ, கொண்டுபோய் விடறேன்" என்று தொல்லை கொடுத்த ஆண்களுக்கு எதிராக. நல்ல துணிச்சல். ஆனால் அவர்கள் போட்ட விதிகளைப் பாருங்கள்: கண்ணடிக்காதே, அந்தக் காரில் ஏறாதே, வழியில் வம்பு செய்பவனைப் பார்த்துச் சிரிக்காதே, சிரிப்பைத் தெரிந்தவர்களுக்கு வைத்துக்கொள். எல்லாமே பெண்களுக்கான விதிகள். காரை நிறுத்தியவனுக்கு ஒன்றுகூட இல்லை. அவனை மழை மாதிரி நினைத்திருக்கிறார்கள். மழைக்கு யார் விதி போடுவார்கள்? நாம்தானே குடை கொண்டுபோக வேண்டும்!

ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2012-இல், தத்யானா ஃபஸ்லலிசாதே என்ற ஓவியர் நியூயார்க்கின் ப்ரூக்ளின் சுவர்களில் பெண்களின் முகங்களை வரைந்து ஒட்டினார். பெண்களைச் சிரிக்கச் சொல்வதை நிறுத்துங்கள் என்பதுதான் அந்த வரிசையின் பெயரே. அன்று 'சிரிக்காதே' என்று பெண்ணுக்கு உத்தரவு. இன்று 'சிரிக்கச் சொல்லாதே' என்று எதிர்ப்பக்கத்துக்கு உத்தரவு. முகம் அதேதான், முகவரி மாறிவிட்டது. கடிதம் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அதற்காக எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி நினைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ரூத் ஆர்கின் 1951-இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் எடுத்த புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஓர் இளம்பெண் தெருவில் நடக்கிறாள். இருபுறமும் ஆண்கள். எல்லாக் கண்களும் அவள் மேல். ஒருவன் வாயைக் குவித்து ஏதோ செய்கிறான். அவள் சால்வையைப் பிடித்தபடி நடந்துகொண்டே இருக்கிறாள். இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால், பார்த்ததும் துன்புறுத்தல் என்பார்கள். படத்தில் இருந்த நினாலீ கிரெய்க், 2018-இல் இறக்கும்வரை அதை மறுத்துக்கொண்டே இருந்தார். அது துன்புறுத்தல் இல்லை, ஒரு பெண் மிக இனிமையாகப் பொழுதைக் கழித்த நேரம் என்றார்.

யார் சொல்வது சரி? நான் ரொம்ப நாள் குழம்பினேன். இப்போது தோன்றுவது இதுதான்: அவர் சொல்வதை நம்ப வேண்டும். அவர் அனுபவம் அவருடையது. ஆனால் அதே தெருவில் அடுத்து நடந்துவந்த பெண்ணுக்கும் அது இனித்திருக்கும் என்று அந்தப் படத்தைக் காட்டிச் சொல்ல முடியாது. அந்த இரண்டு பெண்களையும் அந்த ஆண்கள் ஒரே மாதிரிதான் பார்த்திருப்பார்கள். யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் இருந்ததில்லை. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

2014-இல் இணையத்தில் பரவிய நியூயார்க் வீடியோ ஒன்று. ஒரு பெண் பேசாமல் பத்து மணி நேரம் நடந்தார், நூற்றுக்கும் மேற்பட்ட முறை யாராவது ஏதாவது சொன்னார்கள். அந்த வீடியோ மேல் குறைகளும் உண்டு. வெள்ளைக்கார ஆண்கள் பேசியதில் பெரும்பகுதி தொகுக்கும்போது வெட்டுப்பட்டுப் போய்விட்டது, யாரைக் குற்றவாளியாகக் காட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இன்னொரு கூட்டம், "குட் மார்னிங் சொன்னால்கூடத் தப்பா?" என்றது. சரி, தனியாக எடுத்தால் தப்பில்லை. ஆனால் அந்த வீடியோவில் ஒருவன் ஒரு வார்த்தையும் பேசாமல் ஐந்து நிமிடம் கூடவே நடக்கிறான். அதைப் பார்த்த பிறகு, அடுத்து வரும் குட் மார்னிங்கை எந்தக் காதால் கேட்பது?

அப்புறம் சட்டம். 2014-இல் பெல்ஜியம், 2015-இல் போர்ச்சுகல், 2018-இல் பிரான்ஸ், 2019-இல் பிலிப்பைன்ஸ், 2023-இல் பிரிட்டன் (இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்) என்று ஒவ்வொன்றாகச் சட்டங்கள் நிறைவேறின. பிரான்ஸில் தொண்ணூறு யூரோவிலிருந்து அபராதம் தொடங்கியது. பிலிப்பைன்ஸ் சட்டத்தில் விசிலடிப்பதே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. இவற்றால் தெரு மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. தெருமுனையில் அரை நொடியில் காதில் விழுந்து மறையும் ஒரு சொல்லுக்கு எங்கே சாட்சி தேடுவது? ஆனாலும் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று இனி வீட்டில் யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. அந்த அளவுக்குச் சட்டம் உதவியிருக்கிறது.

போன முறை பேசி முடித்ததும் ஒரு தம்பி எழுந்து, "அப்போ யாரையும் பாராட்டவே கூடாதாக்கா?" என்றான். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டான். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில்தான் நினைவு வந்தது.

சில வருடம் முன்னால் ரயிலில் எதிர் இருக்கையில் ஓர் இளைஞன். வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. அவன் இறங்க வேண்டிய நிலையம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு, "உங்க குடை ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். நான் என்ன சொல்கிறேன் என்று நிற்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பி, பிளாட்பாரமும் மறைந்த பிறகு, குடையை எடுத்து ஒருமுறை பார்த்தேன். அப்போது சிரித்தேன். பார்க்க அங்கே யாரும் இல்லை.