சூடாக்கினால் எடை கூடும் கல்

வணக்கம். ஒரு கல்லைப் பொடித்து உலையில் வைத்துச் சூடாக்கினால் எடை என்ன ஆகும்? குறையும் என்றுதான் சொல்வோம். ஈரம் போகும், சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் கரியமில வாயுவும் போகும். நான் மாணவனாக இருந்தபோது, சுத்தம் செய்த குரோமைட் தாதுவைக் காற்றில் சூடாக்கி ஆறவைத்து நிறுத்தேன். எடை கூடியிருந்தது. தராசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை நிறுத்தேன். தராசு நன்றாகத்தான் இருந்தது.

குரோமைட் ஒரு கறுப்புத் தாது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் இருக்கும் குரோமியம் இதிலிருந்துதான் வருகிறது. இதன் படிக அமைப்புக்கு ஸ்பினல் என்று பெயர். 1915-ல் இயற்பியலாளர் பிராக் எக்ஸ்கதிர் கொண்டு கண்டறிந்தது. பழக்கடையில் சாத்துக்குடி அடுக்கியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. நான்கு பழங்களுக்கு நடுவே வரும் சின்ன இடுக்கில் இரும்பும் மக்னீசியமும், ஆறு பழங்களுக்கு நடுவே வரும் பெரிய இடுக்கில் குரோமியமும் அலுமினியமும் உட்கார்ந்திருக்கும். 32 ஆக்சிஜன் கொண்ட ஒரு கனசதுரத்தில் சின்ன இடுக்குகள் 64. அவற்றில் ஆள் இருப்பது வெறும் 8-ல்தான்.

சரி, இப்போது சூடு. சில நூறு டிகிரி தாண்டியதும் இரும்பு நிலைகொள்ளாமல் ஆகிவிடுகிறது. இரண்டு மின்சுமையோடு இருந்தது மூன்றுக்கு மாறுகிறது. மொத்தக் கணக்கு சரியாக வேண்டுமே! அதனால் மூன்று இரும்பில் ஒன்று இடத்தைக் காலிசெய்துவிட்டு மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. நான் நிறுத்துப் பார்த்தது அந்த ஆக்சிஜனைத்தான். 100 கிராம் தாதுவில் 20 கிராம் ஃபெரஸ் ஆக்சைடு (இரண்டு மின்சுமை இரும்பின் ஆக்சைடு) இருந்து, அது முழுவதும் மாறினால், ஏறும் எடை சுமார் 2.2 கிராம். நைட்ரஜனில் சூடாக்கினால் இந்த ஏற்றம் இல்லை.

உள்ளே காலி இடங்கள் விழுகின்றன. மூன்று மின்சுமை இரும்பு உருவில் சிறியது. அதனால் ஆறவைத்து அளந்தால், ஸ்பினலின் கனசதுரம் முன்பைவிடக் கொஞ்சம் சுருங்கியிருக்கும். இத்தனைக்கும் குரோமியம் நகர்வதே இல்லை என்று சொல்லலாம். ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த இடம் அதற்கு அவ்வளவு பிடித்தமானது.

இன்னும் சூடு ஏறி 1,000 டிகிரியை நெருங்கினால் ஸ்பினல் தாங்குவதில்லை. ஹெமடைட் என்ற இரும்புத் தாதுவின் அமைப்பை ஒத்த புதிய ஆக்சைடு, மெல்லிய தகடுகளாக உள்ளேயே பிரிகிறது. கண்ட இடத்தில் அல்ல, ஆக்சிஜன் அடுக்குகள் செல்லும் திசைகளில் மட்டும். மெருகிட்ட துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் பாய் பின்னியதுபோல் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பகுதித் தாதுவில் இரும்பு அதிகம். ஆகவே அங்கே இந்த மாற்றம் பளிச்சென்று தெரியும். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் இரும்பு மிகுந்த குரோமைட் அடுக்குகள் உண்டு. இந்தத் தாதுவிலிருந்து ஒரு டன் ஃபெரோகுரோம், அதாவது இரும்பு-குரோமியக் கலவை, உருக்க மின் உலைக்கு 3,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். தாதுப் பொடியை உருண்டை பிடித்து முதலில் காற்றில் சுட்டுவிட்டால், இறுக்கமான ஸ்பினல் கொஞ்சம் உடைந்திருக்கும். கரி அதிலிருந்து ஆக்சிஜனை எளிதாகப் பிடுங்கும், கரண்டும் மிச்சமாகும். மின்வெட்டுக்குப் பேர்போன தென்னாப்பிரிக்காவில் இந்த முறை நன்றாக வேரூன்றியதில் எனக்கு வியப்பில்லை.