மாரடைப்புக்குப் பின் சி.ஆர்.பி.: எந்த நாளில் பார்த்த எண்?

நேயர்களுக்கு வணக்கம். மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து வீடு திரும்புகிறவரின் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் புரதம்) 40, 60 என்று இருந்தால் வீட்டார் பதறிவிடுகிறார்கள். அந்த நாளில் அது ஏறித்தான் இருக்கும். ரத்தம் கிடைக்காமல் இதயத் தசை சாகும்போது இன்டர்லூகின் 6 என்ற புரதம் ரத்தத்தில் கூடுகிறது. அது தூண்டக் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு, சில வாரங்களில் இறங்கும்.

இனி வரக்கூடிய ஆபத்தை அறிய வேண்டுமானால் குறைந்தது ஒரு மாதம் போகட்டும். கேட்க வேண்டியது ஹெச்.எஸ். சி.ஆர்.பி. என்ற நுண்ணிய பரிசோதனை; சாதாரண சி.ஆர்.பி. பரிசோதனை சிறிய அளவுகளைத் துல்லியமாகக் காட்டாது. சளி, காய்ச்சல், பல் சீழ் இருக்கும்போது ரத்தம் கொடுக்காதீர்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே நல்லது, 3க்கு மேல் ஆபத்து கூடுதல். 10ஐத் தாண்டினால் வேறு தொற்று இருக்கலாம்; இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அலகையும் பாருங்கள்: டெசிலிட்டருக்கு 0.3 என்பதும் லிட்டருக்கு 3 என்பதும் ஒன்றே. இதில் ஏமாந்து நிம்மதி அடைபவர்கள் உண்டு.

சரி, எண்ணைக் குறைத்தால் இதயம் பிழைக்குமா? 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்து சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேல் இருந்த 10,061 பேர் இருந்தார்கள். அழற்சியைத் தணிக்கும் கேனகினுமாப் 150 மில்லிகிராம் ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டதில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. கூடவே உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த மரணம் குறையவில்லை.

அடுத்து கால்சிசின் என்ற அழற்சி தணிக்கும் மருந்து. 2019இல் கோல்காட் ஆய்வில் மாரடைப்பு வந்தவர்களுக்குத் தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்தபோது, மருந்தில்லாதவர்களிடம் 7.1 சதவீதமாக இருந்த இதய, ரத்தக்குழாய் பாதிப்பு 5.5 ஆக இருந்தது. ஆனால் 2024இல் 7,062 பேரிடம் நடந்த கிளியர் ஆய்வில் மருந்தில்லாதவர்களிடம் 9.3 சதவீதம், கால்சிசின் எடுத்தவர்களிடம் 9.1; பலன் இல்லை என்றே சொல்ல வேண்டும். அங்கேயும் சி.ஆர்.பி. இறங்கத்தான் செய்தது! எண் இறங்கியதை மட்டும் வைத்து மருந்து வேலை செய்கிறது என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆகவே ஸ்டேட்டின் மாத்திரையை விடாதீர்கள். அது எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை இறக்குவதோடு சி.ஆர்.பி.யையும் குறைக்கும். புகையிலை, ஈறு நோய், தொப்பை மூன்றும் அழற்சியை ஏற்றுபவை. கால்சிசின் வேண்டுமா என்பதை இதய மருத்துவரே சொல்லட்டும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அது ஆகாது. கிளாரித்ரோமைசின் மாத்திரையோடு சேர்ந்தால் உடலில் தேங்கி நஞ்சாகும். நம் மாநில மலரான செங்காந்தளிலும் கால்சிசின் இருக்கிறது. அதற்காக அதன் கிழங்கான கண்வலிக்கிழங்கை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், சிறிதளவே உயிரைப் பறித்துவிடும்.