பழைய லேப்டாப்பில் ஹைக்கூ: முதல் நாள் அனுபவம்

[திரையில்: மூடியிருக்கும் கறுப்பு லேப்டாப்]

இந்த லேப்டாப்புக்கு வயது பன்னிரண்டு. ரேம் 2 ஜிபி. விண்டோஸ் எழுந்திருப்பதற்குள் அல்சூர் மார்க்கெட் போய்க் காய் வாங்கி வந்துவிடலாம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கணினிக் கடையில் விலை கேட்டேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. கையில் தூக்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சரி, இருக்கட்டும் என்று இதில் ஹைக்கூவைப் போட்டுப் பார்த்தேன். கவிதை இல்லை, விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம்.

"இது லினக்ஸ்தானேண்ணா?" என்று தம்பி கேட்டான். இல்லை. 1990களில் பி (Be) என்ற நிறுவனம் பிஓஎஸ் (BeOS) என்று ஒரு இயங்குதளத்தைச் செய்தது. 1996-ல் ஆப்பிள் அதை வாங்கப் பேசிவிட்டுக் கடைசியில் நெக்ஸ்ட் என்ற இன்னொரு நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. 2001-ல் பி நிறுவனத்தின் சொத்துகள் பாம் நிறுவனத்துக்குப் போயின. அதே வருடம் பிஓஎஸ் பிரியர்கள் சேர்ந்து, அதுபோலவே ஒன்றைத் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். 2004-ல் அதற்கு ஹைக்கூ என்று பெயர் வைத்தார்கள். 2024 செப்டம்பரில் வந்தது ஐந்தாவது பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு. ஆமாம், இன்னும் பீட்டாதான். மெட்ரோ வேலையைப் பார்த்துப் பழகிய பெங்களூர்க்காரனுக்கு இது பெரிய விஷயமில்லை.

[திரையில்: பென் டிரைவ், பிறகு பூட் திரை]

ஹைக்கூவின் நிறுவல் கோப்பை (இமேஜ்) இறக்கி, எட்சர் என்ற மென்பொருளை வைத்துப் பென் டிரைவில் எழுதினேன். டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும், கவனம். லேப்டாப் எழும்போது திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில், அறியாத இயங்குதளங்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். வரிசையாகச் சின்னப் படங்கள் ஒளிரும். பிறகு இரண்டு பட்டன்கள் வரும். ஒன்று நிறுவ, இன்னொன்று சும்மா பார்க்க. சும்மா பார்க்கும் பட்டனை அழுத்துங்கள். பென் டிரைவிலிருந்தே ஓடும், உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும்.

மேலே வலது மூலையில் இலைப் படம் போட்ட மெனு. ஒவ்வொரு ஜன்னலுக்கும் மஞ்சள் காது மாதிரி ஒரு தலைப்பட்டை. முதல் அரை மணி நேரம் என்னைப் படுத்தியது கைப்பழக்கம்தான். காப்பி செய்ய கன்ட்ரோல்-சி இல்லை, ஆல்ட்-சி. விரல் ஒவ்வொரு தடவையும் பழைய இடத்துக்கே போனது.

[திரையில்: பீப்பிள் (தொடர்புகள்) கோப்புகள், பெயர், போன், குழு என்று பத்திகள்]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். இங்கே ஒரு தொடர்பு எண் என்பது ஒரு கோப்பு. உள்ளே எதுவும் எழுதியிருக்காது. பெயர், போன், குழு எல்லாம் கோப்பின் மேல் ஒட்டிய சீட்டுகள்போல் இருக்கும். கோப்புகளைக் காட்டும் டிராக்கர் செயலி அவற்றைப் பத்தி பத்தியாகக் காட்டும். ஆல்ட்-எஃப் அழுத்தி, 'குழு: வீடு' என்று தேடினால் தண்ணி கேன்காரர், பிளம்பர், கேஸ்காரர் மூவரும் வருவார்கள். தேடல் ஜன்னலைத் திறந்தே வைத்துவிட்டுப் புதிதாக ஒருவரைச் சேருங்கள். அவரும் தானாக அந்தப் பட்டியலில் வந்து உட்காருவார். மின்னஞ்சலும் இதே கணக்குதான், ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. இந்தக் கோப்பு முறையைப் பிஓஎஸ்ஸுக்காக எழுதிய இருவரில் ஒருவரான டொமினிக் ஜியாம்பாவ்லோ பிறகு ஆப்பிளில், மேக்கில் இருக்கும் ஸ்பாட்லைட் தேடலில் வேலை செய்தார். பார்த்தால் குடும்பச் சாயல் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கோப்புகளை ஃபேட் (FAT) என்ற சாதாரணக் கோப்பு முறையில் இருக்கும் பென் டிரைவுக்கு நகலெடுத்தால் சீட்டுகளெல்லாம் உதிர்ந்து, வெறும் பெயர் மட்டும் மிஞ்சும். நான் அப்படி நாலு பேரைத் தொலைத்தேன். ஹைக்கூவிலேயே ஜிப் செய்துவிட்டு நகலெடுங்கள்.

வைஃபை எனக்கு உடனே கிடைத்தது. யூடியூப் தடுமாறியது, வீடியோ வேலையெல்லாம் கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போகாமல் பிராசசர் தலையில் விழுகிறது. ஹைக்கூ கடவுச்சொல் கேட்காமலே திறந்துவிடும், ஏனென்றால் இது ஒரே ஒரு ஆளுக்கான அமைப்பு. அலுவலக வேலைக்கு வேண்டாம்.

[திரையில்: 'கேஸ்காரர்' என்ற பெயர், எழுத்து இடம் மாறி]

அப்புறம் தமிழ். போனில் எழுதிய பெயர்களைக் கொண்டுவந்து ஒட்டினேன். 'கே' என்பதில் ககரம் முதலிலும் இரட்டைக் கொம்பு அதற்குப் பின்னாலும் நின்றது. கணினி அந்த வரிசையில்தான் சேமிக்கிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டிய வேலையை ஹைக்கூ இங்கே செய்யவில்லை. ஆனால் தேடல் பெட்டியில் அதே பெயரை ஒட்டிப் பார்த்தேன். கொம்பு பின்னால் தொங்க, கேஸ்காரர் வந்துவிட்டார்.